ஆறாவது எண்

வேப்பமரம் அசையவில்லை.

ஆடி மாதம், சுரண்டையில், சாயங்காலம் நாலரை மணிக்கு வேப்பமரம் அசையவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

காலையிலிருந்து என்ன ஆட்டம் ஆடிய காற்று! அவளுடைய சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளியது. எதிரே வந்து மறித்தது. கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. ஜெராக்ஸ் எடுக்க ஒரு தடவை போனாள். கறிவேப்பிலை வாங்க ஒரு தடவை. நூலகம் பூட்டியிருக்கும் என்று தெரிந்தே நூலகத்துக்கு ஒரு தடவை.

"காலுல சக்கரமா கட்டிருக்க?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பிளாரன்ஸ் அக்காவின் பிரவுசிங் சென்டர் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் அம்மாவின் போன். எதிரே கம்ப்யூட்டர். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கொடுத்த பட்டியலை ஐந்து மணிக்குள் பூட்ட வேண்டும். பூட்டினால் பூட்டியதுதான், மாற்ற முடியாது.

முதல் வரியில் இருந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். அது அப்பா சொன்னது.

இரண்டாவது வரியில் எலக்ட்ரிக்கல். அது அவளுக்கு.

இரண்டும் ஒரே கல்லூரி. ஒரே பஸ். எது மேலே இருக்கிறதோ அது கிடைத்துவிடும். அந்த அளவுக்கு மார்க் இருக்கிறது.

நாலு இருபதுக்கு இரண்டையும் இடம் மாற்றிவிட்டாள்.

பூட்டுவதற்கு ஓடிபி வரும், ஆறு எண். அது அப்பாவின் போனுக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நாளிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் அவர் நம்பர்தான்.

அப்பாவுக்குக் காற்றாலையில் வேலை. காற்று பலமாக அடித்தால் மேலே ஏற விடமாட்டார்கள். கீழே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார். காற்று குறைந்தால் ஒரு காற்றாடியை நிறுத்திவிட்டு ரிப்பேர் பார்க்க ஏறுவார். போன் கீழே சோற்றுப் பையில் கிடக்கும்.

அதனால்தான் அந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, வயலுக்கு அந்தப் பக்கம், காற்றாடிகள் சோம்பலாகச் சுற்றின. ஒன்று மட்டும் நின்றிருந்தது.

நிற்கிறதில் அப்பா இருப்பார். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். எந்த ரோட்டில் சைக்கிள் மிதித்தாலும் நிற்கிற காற்றாடியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை.

மறுபடி மறுபடி அடித்தாள்.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். போன வருஷம் எல்லாரும் பொரி தின்றுகொண்டு நிற்க, அவள் மட்டும் காற்றாடித் தூணின் சின்னக் கதவுக்குள் நுழைந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். ஏணி போய்க்கொண்டே இருந்தது. இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் அதிர்ந்தது.

அப்பா வந்து தரதரவென்று வெளியே இழுத்தார்.

"இந்த எழவு என்னோட போட்டும். நீ நாற்காலியில இருந்து பாக்குற வேல பாரு. அதுலேர்ந்து விழுந்தாலும் ஒரு அடிதான்."

ஒரு வாரம் வரைக்கும் உள்ளங்கையில் அந்த அதிர்வு இருந்தது. ஆசையாக இருந்தது. இதை வீட்டில் யாரிடம் சொல்ல?

"ஏட்டி, கடைசி நேரத்துல சர்வர் படுத்துக்கிடும். சட்டுன்னு முடி," என்றாள் பிளாரன்ஸ் அக்கா.

நாலு முப்பத்தெட்டு. எழுந்தாள். உட்கார்ந்தாள். கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

படாரென்று ஜன்னல் கதவு அடித்தது. மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், இது என்ன!" அக்கா ஓடி ஓடிப் பொறுக்கினாள்.

வேப்பமரம் தலையை விரித்துப்போட்டு ஆடியது.

நாலு நாற்பத்தைந்து. அந்த ஒற்றைக் காற்றாடி நின்றேதான் இருந்தது. இறங்கணும். ஏணி முழுக்க இறங்கணும். யப்பா, சீக்கிரம்.

நாலு ஐம்பத்திரண்டு.

காற்றாடி மெல்ல அசைந்தது. பிறகு சுற்றியது.

போன் அடித்தது.

"என்னட்டி, நாலு தடவ அடிச்சிருக்க?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஓடிபி வரும் யப்பா. இப்ப." பூட்டு என்பதை அழுத்தினாள்.

"வந்துட்டு. போட்டுக்க. நாலு. ஒம்பது. பூச்சியம். ரெண்டு. இன்னொரு ரெண்டு."

ஐந்தையும் தட்டினாள்.

அவர் அங்கே நிறுத்திவிட்டார்.

"கம்ப்யூட்டர்தான மொதல்ல?"

ஒரு வாரமாக இதைத்தான் கேட்கிறார். ஒரு வாரமாக ஆமாப்பா, ஆமாப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரே ஒரு ஆமா. அதோடு முடிந்தது.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஜன்னலில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் எங்கோ, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் டி.வி. மேல் பார்த்தாள்.

"இல்லப்பா," என்றாள். "எலக்ட்ரிக்கல்."

காற்று மட்டும் கேட்டது. போனிலும் அதே காற்று, ஜன்னலிலும் அதே காற்று.

திரையில் ஐந்து கட்டம் நிரம்பியிருந்தது. ஆறாவது காலி.

நாலு ஐம்பத்தேழு.

பிளாரன்ஸ் அக்கா கடிகாரத்தைக் காட்டினாள்.

நாலு ஐம்பத்தெட்டு.

"கோட்டிக்காரி," என்றார் அப்பா.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு காற்றுக்கு மேலே கத்தினார்.

"ஏழு. கேக்கா? ஏழு!"