எட்வினின் இடது கை

எட்வினின் காணொளிப் பாடத்தை ஓடவிட்டு, அதனோடு வரும் மெல்லிய சட்டையை மாட்டிக்கொண்டால் போதும். தட்டைத் தூரத்துக் கூடையில் விழ எறியும் டிஸ்க் கோல்ஃபில் அவன் எறியும் விதம் அப்படியே உடம்பில் ஏறிவிடும். தூரமாக எறிய ஊரே அப்படித்தான் கற்றுக்கொண்டிருந்தது.

அன்று மைதானத்தில் வினோதன் என்ற ஆட்டக்காரன் குறை சொல்ல வந்தான். "சார், எறியறதுக்கு முன்னாடி எங்க எல்லாருக்கும் இடது கை தானா பின்னாடி போய் நிக்குது. அதனால வேகம் போயிடுது."

எட்வின் திரும்பிப் பார்த்தான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் இடது கையை இடுப்பு உயரத்தில் பின்னால் நீட்டி, காற்றில் எதையோ மெல்லத் தொட்டுவிட்டு எறிந்தார்கள்.

அந்தப் பாடத்தைப் பதிவுசெய்தபோது சின்ன மகள் ஜெசி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பாள். தட்டு அவள்மேல் பட்டுவிடக் கூடாதே என்று, இடது கையால் அவள் தலையைத் தொட்டுத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் எறிவான். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். நாலு வருஷம் ஆகிறது.

"அது பழைய பாடம் தம்பி. போன மாசம் புதுசா எடுத்துப் போட்டிருக்கேன். அதுல நான் தனியாத்தான் நின்னு எறிஞ்சேன்."

"நான் பழகினதே புதுசுலதான் சார்." வினோதன் எறியத் தயாரானான். அவன் கை பின்னால் போனது. இடுப்பில் நிற்காமல் நெஞ்சு உயரத்தில் போய் நின்றது. "பாருங்க, இதுல இன்னும் மேல போகுது."

எட்வினின் பக்கத்தில் நின்ற மனைவி லிடியா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா வளந்துட்டா," என்றாள்.