பின்னால மட்டும் பெருசா

"பின்னால மட்டும் பெரிய டயரா போட்டுடு, கண்ணு. சீக்கிரம்."

டயர் கடைக்காரி கெரின் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்ற கிளெம் ஹாட்ரிக்குக்கு எழுபத்தாறு வயது. பின்னால் திறந்த சரக்குத் தட்டு கொண்ட அவருடைய யூட் வண்டிக்கு முப்பதாவது நடந்துகொண்டிருந்தது.

"நீங்களுமா, கிளெம்? ரோட்டுல சக்கரத்தைத் தேய்ச்சுப் புகை விடுற பசங்கதான் இப்படிக் கேட்டு வருவானுங்க."

"புகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெண்டும் வழவழன்னு தேஞ்சு போச்சு. மாத்தறதுதான் மாத்தறோம், பெருசா மாத்து."

சொல்லிக்கொண்டே எதிரில் இருந்த பேக்கரி வாசலைப் பார்த்தார். அவர் மனைவி ஈனிட் ஏதோ வாங்க உள்ளே போயிருந்தாள். கிளெம் ஸ்டூலில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். மறுபடி வாசலைப் பார்த்தார்.

கெரின் பழைய டயரின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினாள்.

"பாருங்க, 215/65, கடைசியில 15. முதல் நம்பர் அகலம், மில்லிமீட்டர்ல. அந்த அகலத்துல நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு, இந்தப் பக்கச் சுவரோட உயரம். பதினஞ்சுங்கறது ரிம், அங்குலத்துல. உங்களுக்கு அகலமா வேணுமா, உயரமாவா?"

"உயரம். உயரம்தான் முக்கியம்."

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பென்சிலில் 225/75 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

கெரினுக்கு எரிச்சல் வந்தது. கிழவருக்கு என்ன ஆசை பார்!

"மொத்தத்துல ஆறு சென்டிமீட்டர் கூடும். மூக்கைக் குத்திக்கிட்டு, பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும் வண்டி. அதை விடுங்க. பின் சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுங்கறதை வச்சுத்தான் உங்க ஸ்பீடோமீட்டர் வேகம் சொல்லுது. பெரிய சக்கரம் ஒரே சுத்துல கூடுதல் தூரம் ஓடிடும். முள் எண்பதுல நிக்கும், வண்டி எண்பத்தேழுல போகும். இதெல்லாம் சட்டப்படி கூடாது."

"தெரியும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"இந்த வயசுல போலீஸை ஏமாத்தப் போறீங்களா?"

"போலீஸை இல்ல. ஈனிட்டை."

கெரின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"வாரத்துல ரெண்டு நாள் மில்துரா ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் கிளெம். "மருந்து ஏத்தினப்புறம் அவளால ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. போன குளிர்காலத்துல இருந்து அவளுக்கு வேகம்னாலே பயம். வழி பூரா முள்ளையே பாத்துக்கிட்டு வர்றா. எண்பதைத் தாண்டினா என் கையைப் பிடிச்சுக்கறா. நூறுல போற ரோட்டுல நான் ஊர்ந்தா சும்மா இருப்பானுங்களா? வர்ற லாரிக்காரன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். செவ்வாய்க்கிழமை ஒருத்தன் முட்டற மாதிரியே வந்தான், எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு."

"அவங்ககிட்ட சொல்லிப் பாக்கறதுதானே?"

"இருக்கற வேதனை பத்தாதா அவளுக்கு? நான் வேற வாதாடணுமா? முள் எண்பதுலயே நிக்கட்டும், கண்ணு. அவ நிம்மதியா தூங்கிட்டு வரட்டும்."

 கெரின் போய் 225/75 டயர்கள் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தாள். கிளெம் மூக்கை உறிஞ்சியபடி கை கழுவப் பின்பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்து ஈனிட் வந்து நின்றாள். கையில் சூடான ரொட்டிப் பொட்டலம். குனிந்து டயரைப் படித்தாள்.

"225/75. இது எங்க வண்டி அளவு இல்லையே."

கெரின் டயரை மறுபக்கம் திருப்பி வைத்தாள்.

"எதுக்குன்னு புரியுது," என்றாள் ஈனிட். "பழைய அளவையே போட்டுடு. பெருசு உரசுதுன்னு அவர்கிட்ட சொல்லிடு."

"ஈனிட், அவர் உங்களுக்காகத்தான்..."

"பழைய அளவு, கெரின்."

கிளெம் திரும்பி வந்தார். "மட்கார்டுல உரசுது, கிளெம். சரிப்படாது," என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள் கெரின்.  கிளெம் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அரை மணியில் வேலை முடிந்தது. கிளெம் வண்டியை வெளியே எடுக்கப் போனார். கெரினால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, ஈனிட். அந்த மனுஷன் ரோட்டுல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் திட்டு வாங்கறார். உங்க பயத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

ஈனிட் அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"பயமா? எனக்கா? இருபத்தெட்டு வருஷம் இதே ரோட்டுல கோதுமை லாரி ஓட்டினவ நான்."

வெளியே கிளெம் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். ஈனிட் குரலைத் தாழ்த்தினாள்.

"போன குளிர்காலத்துல இருந்து அவர் கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒரு நொடி அதிகமா ஆகுது. அதைச் சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். அதான், நான் பயந்தாங்கொள்ளி ஆயிட்டேன்."