ஜீப்புக்குப் பின்னால் நின்ற நாய்

"இந்த மாதிரி மூக்கு செத்த நாயை நான் பார்த்ததே இல்ல, எர்மெஸ்," என்றான் நாய் பழக்கும் நேவியோ. "சும்மா எங்கிட்டயே விட்டுட்டுப் போ."

எர்மெஸுக்கு மானம் போயிற்று. நாயின் மோப்பத்தைச் சோதிக்கப் பண்ணைக் காடைகளைப் புல்லுக்குள் ஒளித்து வைத்திருப்பதாக நேவியோ சொல்லியிருந்தான். எர்மெஸின் வேட்டை நாய் லாம்போ அந்தப் பக்கமே போகவில்லை. அவர்கள் வந்த நேவியோவின் ஜீப்புக்குப் பின்னால், ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டிக்கொண்டு சிலையாக நின்றது.

"டீசல் வாசத்துக்கு நிக்குது பாரு," என்று நேவியோ சிரித்தான்.

"சனியனே, உனக்குப் போட்ட சோறெல்லாம் தண்டம்." நாயை உள்ளே தள்ள எர்மெஸ் பின்கதவைத் திறந்தான்.

கோணிக்கு அடியில் ஒரு கூண்டு. புல்லில் விட வேண்டிய காடைகள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

எர்மெஸ் தோளிலிருந்த துப்பாக்கியை இறக்கினான்.

"உட்கார்ந்த பறவையச் சுடறது நம்ம வழக்கமில்ல, நேவியோ. ஓடு."