எடைமேடையில் எட்டுப் பேர்

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சுக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. தெரியும். இருந்தாலும் பிடித்துக்கொண்டாள்.

கரும்பு லாரி ஏறும் எடைமேடையில், சர்க்கரை ஆலை அலுவலகத்துப் பெண்கள் எட்டுப் பேர் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்கள். பொங்கல் விளையாட்டு. கயிறு இழுக்கும் போட்டி. அணியின் மொத்த எடை ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது.

தனித்தனியாக எடை போட ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.

எல்லோரும் ஒன்றாக ஏறலாம் என்றது இவள் யோசனை. மொத்தம் தெரியும். அதில் யாருடையது எவ்வளவு என்று பிரம்மனுக்கும் தெரியாது.

மற்ற ஏழு பேரும் இவள் மூளையை மெச்சினார்கள்.

பின்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். ஓட்டி வந்த விவசாயிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 535.

"ஒரு ஆள் எறங்கி, ஆளை மாத்துங்கம்மா," என்றார் போட்டியை நடத்தும் ஆலை நல அலுவலர்.

"தனியா யாரும் எறங்கக் கூடாது சார்!" இவள் பதறினாள். "முன்னாடி இருந்ததுல இருந்து கழிச்சுப் பாத்துடுவாங்க. ரெண்டு பேரா எறங்கணும்."

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

யார் இறங்குவது என்று கேப்டன் ரோஸ்லின் யோசிக்கவே இல்லை. இவளையும் அஞ்சலாட்சியையும் பார்த்துக் கையைக் காட்டினாள்.

கண்ணால் போட்ட எடை. அதற்கு ரசீது கிடையாது. இருவரும் முறைத்துவிட்டு இறங்கினார்கள்.

எண்கள் மறுபடி ஓடின. 385.

ஆக, இறங்கியது நூற்றைம்பது.

அப்போதுதான் இவளுக்கு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் மூன்று மாதமாகத் தொங்குகிறது. எடைக் குறைப்புப் போட்டி. முதல் பரிசு, இவள்: அறுபத்தொரு கிலோ. இரண்டாம் பரிசு, அஞ்சலாட்சி: ஐம்பத்தெட்டு. முதலுதவி அறைத் தராசு அன்று பழுது. அவரவர் வாயால் சொன்னதே எடை. முதல் பரிசான ஹாட்பாக்ஸ் இவள் வீட்டில் தினமும் இட்லி சுமக்கிறது.

"அறுவத்தொண்ணும் அம்பத்தெட்டும் நூத்திப் பத்தொம்போதுதானே?" மேடையிலிருந்து ரோஸ்லின் கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முப்பத்தொரு கிலோ பொய். அத்தனை பேர் முன்னால், பட்டப்பகலில்.

யாருடைய பொய் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தியுடையதாக இருக்கலாம். ஆளுக்குக் கொஞ்சமாக இருக்கலாம்.

ஊருக்குத் தெரியாது. இவளுக்குத் தன் எடை தெரியுமே. எழுபத்தெட்டு.

கழித்தாள்.

அஞ்சலாட்சி, எழுபத்திரண்டு.

அடிப்பாவி. முதல் பரிசில் தில்லுமுல்லு என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது இந்த எழுபத்திரண்டுதானா?

நிமிர்ந்தாள். எதிரே அஞ்சலாட்சியின் உதடுகளும் அசைந்து நின்றன. அவளும் கழித்து முடித்திருந்தாள்.

"அஞ்சு கிலோ முன்னப்பின்ன இருக்கும், சரி. இது எப்படிம்மா? யாரு கணக்கு ஒதைக்குது?" நல அலுவலருக்குக் குரல் மாறியது. "பரிசைத் திருப்பி வாங்க வேண்டியதாப் போயிடும், சொல்லிட்டேன்."

"மேடை தப்பு சார்!"

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

நல அலுவலரின் முகம் வெளுத்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

முதல் டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"ஏம்மா, இன்னொரு தரம் சொல்லு. மேடை தப்பா? அப்ப நேத்து நான் போட்ட கரும்பு?"

இரண்டாவது டிராக்டர் அணைந்தது. மூன்றாவது.

"ஐயோ, மேடை சரியாத்தாங்க இருக்கு!" நல அலுவலர் இவர்கள் பக்கம் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். குரல் இறங்கிவிட்டது. "யாராவது ஒருத்தர் தனியா ஏறுங்கம்மா. நம்பர் வரட்டும். 'ஆமா, இதான் என் எடை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஆலையே உங்க கையிலதான் இருக்கு."

மற்ற ஆறு பேரும் மேடையை விட்டு இறங்கினார்கள். நான்காவது டிராக்டர் அணைந்தது.

ஹாட்பாக்ஸை நினைத்தாள். அதை வாங்கும்போது கை தட்டியவர்களை நினைத்தாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். ஒரு கால் மேடை விளிம்பில் பட்டது.

அஞ்சலாட்சி ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏறாதடி. நீ ஒருத்தி ஏறினா, நானும் ஏறின மாதிரிதான்."

இவள் மனதுக்குள் நூற்றைம்பதிலிருந்து கழித்துப் பார்த்தாள். ஆமாம்.

கடைசி டிராக்டரும் அணைந்தது. ஆலையின் கொதிகலன் இரைச்சல் மட்டும் தூரத்தில் கேட்டது.

அஞ்சலாட்சி பிடியை விட்டாள். டிராக்டர் வரிசையை ஒரு முறை பார்த்தாள்.

பிறகு, ஒவ்வொன்றாக, வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.