லோத்தர் வீட்டு நிலவறை

லோத்தர் வீட்டு நிலவறையில் அக்டோபர் மாதம் தண்ணீர் ஊறுகிறது என்ற கதையை எவால்ட் பல வருஷமாகவே நம்பவில்லை.

எவால்டின் வீடு ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில். ஆறு பெருகினால் முதலில் நிறைவது அவர் நிலவறைதான். லோத்தரின் வீடோ திராட்சைத் தோட்டங்களுக்கும் மேலே, மேட்டில். அங்கே ஏது தண்ணீர்?

ஆனாலும் அறுவடை முடிந்ததும் லோத்தர் வந்து நிற்பார். மலைச்சரிவில் கசிகிற தண்ணீர் உள்ளே வந்துவிட்டதாம். எவால்டின் சப்மெர்சிபிள் மோட்டார் ஒரு வாரத்துக்கு வேண்டுமாம்.

"ஏம்ப்பா, நீயே ஒண்ணு வாங்கினா என்ன?"

"உன்கிட்ட இருக்கும்போது எனக்கு எதுக்குப்பா?"

லோத்தர் சிரித்தபடி தூக்கிக்கொண்டு போவார்.

"அவங்க வாசல்ல கார் மட்டும் ரெண்டு நிக்குது. மோட்டாருக்கு நம்ம வீடு," என்பாள் எவால்டின் மனைவி இர்ம்கார்ட்.

ஆற்றோரத்து ஊரில் மோட்டார் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமில்லை. எவால்ட் கொடுத்துவிட்டு மனதுக்குள் புழுங்குவார்.

திராட்சை பிழியும் இயந்திரத்தில் வலது கையின் மூன்று விரல்கள் போனதிலிருந்தே அவர் அப்படித்தான். யாரும் உதவி செய்கிறேன் என்று வாசலேறக் கூடாது. கொடி கவாத்து செய்ய வந்த சொந்த மச்சினனையே விரட்டிவிட்டார். ஸ்பேனர் பிடிக்க முடியாததால், வெள்ளம் வடிந்ததும் மோட்டாரை வயரைப் பிடித்து இழுத்து, சேற்றோடு ஒரு மூலையில் போட்டுவிடுவார்.

இந்த ஜனவரியில் ஆறு வாசற்படிவரை ஏறியது. நிலவறைக்குள் போன அறுவடையின் ஒயின் முழுவதும் பீப்பாய்களில் இருந்தது. அது போனால் வருஷமே போனது.

ஆறு வடியுமுன் இறைத்தால் வெளியிலுள்ள தண்ணீர் சுவரை உள்ளே தள்ளிவிடும். தெருவே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது.

வடிந்த காலையில் எல்லாரும் மோட்டாரை இறக்கினார்கள். பக்கத்து வீட்டு மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. போன வெள்ளத்துச் சேறு உள்ளே கல்லாகியிருந்தது. எதிர்வீட்டு மோட்டார் உறுமக்கூட இல்லை.

எவால்ட் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

குழாய் துள்ளி விறைத்தது. தண்ணீர் சீறிக்கொண்டு தெருவில் பாய்ந்தது.

சாயங்காலத்துக்குள் பீப்பாய்கள் தப்பின. அதே மோட்டார் பக்கத்து வீட்டையும் எதிர்வீட்டையும் காய வைத்தது. அப்போதுதான் அவருக்கு லோத்தர் ஞாபகம் வந்தது. ஒருவேளை அந்தக் கசிவு நிஜம்தான் என்றால் இந்த மழைக்கு நிலவறை நிரம்பியிருக்குமே. கேட்கக் கூச்சப்படுகிறானோ?

மோட்டாரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். விரல்கள் போனபின் யார் வீட்டுக்கும் போகாதவர், மூச்சு வாங்க மேடேறினார்.

கதவைத் திறந்த லோத்தரின் மனைவி ரோஸ்விட்டா, நிலவறைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் திகைத்தாள்.

"நிலவறையா? இந்த வீடு வெறும் பாறை மேல நிக்குது அண்ணே. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வைக்க நிலவறை இல்லையேன்னு நான் புலம்பாத நாளில்ல. அவர் ஷெட்டுல இருக்கார், போய்ப் பாருங்க."

ஷெட்டில், மேசை மேல் தேய்ந்துபோன ரப்பர் வளையங்கள். வெடித்த வயர்த் துண்டுகள். ஓரத்தில் மோட்டாரிலிருந்து கழற்றிய ஒரு பழைய மிதவை. அதில் சிவப்புப் பெயின்டில் 'எ' என்ற எழுத்து. விரல்கள் இருந்த காலத்தில் எவால்டே எழுதியது.

நிமிர்ந்த லோத்தர் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

எவால்ட் அந்த மிதவையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மோட்டாரைத் தூக்கி, சேற்றோடு அப்படியே, அந்த மேசை மேல் வைத்தார்.

"வர்ற அக்டோபர்லயும் உன் நிலவறைக்குத் தண்ணி வரும்தானே, லோத்தர்?"