குப்பைத்தொட்டியில் இருந்தவை

கம்ப்யூட்டர் மாட்டுவண்டி வேகத்தில் ஓடுகிறதென்று ஞானசேகர்தான் உதவி மையத்துக்கு ஃபோன் போட்டான். அவர்கள் கேட்ட எண்ணை வாசித்துக் காட்டி, அனுமதி பொத்தானை அழுத்திவிட்டு, அவன் மனைவி தமயந்தி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் நகர்த்த, அம்பு தானாகத் திரையில் நடந்தது. ஞானசேகரின் சிரித்த முகம் பின்னணிப் படமாக நிறைந்திருந்த அந்தத் திரையைக் கடந்து, மூலையிலிருந்த குப்பைத்தொட்டியைத் திறந்தது.

“எவ்வளவு சேர்ந்திருக்கு மேடம்! காலி பண்ணிடறேன்,” என்றது ஸ்பீக்கர்.

வீட்டில் யாரும் கிளறாத இடம் அது ஒன்றுதான் என்று, அவள் தன் கதைகளையெல்லாம் அங்கேதான் போட்டுவைத்திருந்தாள்.

“பண்ணுங்க சார், குப்பைதானே,” என்றான் ஞானசேகர்.

தமயந்தி மவுஸைப் பிடித்து இழுத்தாள். அவள் கைக்கும் எங்கோ இருந்தவனின் கைக்கும் நடுவே அம்பு, வால் மாட்டிக்கொண்ட பல்லியைப் போலத் துடித்தது.

“மேடம், மவுஸை விடுங்க.”

“நீங்க விடுங்க.”

“என்னடி அதுல?”

“நான் எழுதினது.”

மறுமுனையில் இருந்தவன் விட்டுக்கொடுக்க, அம்பு அவள் பக்கம் வந்தது. கதைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, திரையில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தின்மேல் வைத்தாள். கண்கள் மறைந்தபோது, “இன்னும் இருக்கா மேடம்?” என்று மெதுவாகக் கேட்டது ஸ்பீக்கர்.

“இருக்கு.”