சோழப் படைத்தலைவன் வீட்டுச் சம்பந்தம்

நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும், வயல்களைக் காப்பாற்ற மிராசுதார் ரெங்கசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் வள்ளியம்மையை ஆளுங்கட்சிப் பிரமுகர் கோவிந்தராசுவின் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டால், எந்தத் தாசில்தார் வரப்பில் கால் வைப்பான்?

ராஜவம்சச் சம்பந்தம் என்று மேடையில் சொல்லிக்கொள்ள கோவிந்தராசுவுக்கும் ஆசை. இரண்டு வீட்டாரும் உள்ளூர்ப் புலவரிடம் ஆளுக்கொரு வம்சாவளி எழுதி வாங்கினார்கள். எழுத்து முத்து முத்தாக இருந்ததில் ரெங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று சபையில் இரண்டையும் வாசித்தார்கள்.

"ரெண்டு வீட்டுக்கும் மூலபுருஷன் ஒரே சோழப் படைத்தலைவனா? அப்ப நீங்க பங்காளிங்க. பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி முறையாகுதே" என்றார் நாட்டாமை வீரையன்.

வம்சாவளி பொய் என்று ஒத்துக்கொள்ள இருவருக்கும் வாய் வரவில்லை. தாம்பூலத் தட்டு மாறாமலே கிடந்தது.

ரெங்கசாமி புலவரைத் தனியே இழுத்தார். "ஏன்யா இப்படி எழுதினீரு?"

"புரை விழுந்த கண்ணுங்க எனக்கு. நான் வேற வேற பேருதான் சொன்னேன். ரெண்டையும் எழுதினது உங்க பொண்ணு."

ரெங்கசாமி திரும்பிப் பார்த்தார். எட்டாவதோடு அவரே படிப்பை நிறுத்தியிருந்த வள்ளியம்மை, மாப்பிள்ளைப் பையனிடம் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"காப்பி எடுத்துக்குங்கண்ணே."